மேற்கு நோக்கித் தொழுதவர்கள்

(பாறசாலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கேரள யூதர்கள் இஸ்ரேலோடு வளர்த்துக்கொண்ட உறவைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், எல்லையோரத் தமிழர் கூடும் மேடைக்கு இது எப்படிப் பொருந்தும் என்று நண்பர் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். யூதர்களின் ஊர்கள் எல்லாம் வடக்கே பெரியாற்றுப் பக்கம் இருந்தவை. மட்டாஞ்சேரி, எர்ணாகுளம், சேந்தமங்கலம், பரூர், மாளா ஆகிய இந்தப் பெயர்கள் நம் பேருந்து நிலையத்துப் பலகையில் வருவதில்லை. ஆனாலும் அவர்களுடைய கதையின் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று நம்முடைய வேணாட்டில் எழுதப்பட்டது. கி.பி. 849இல் வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவ ஆலயத்துக்குச் சில உரிமைகளைச் செப்பேட்டில் எழுதிக்கொடுத்தார். அந்தப் பள்ளியையும் அதன் குடிகளையும் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற இரு வணிகக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. கடைசி ஏட்டில் சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். சிலர் அரபியில், சிலர் பாரசீகத்துப் பகலவியில் எழுதினார்கள். நான்கு பேர் எபிரேய எழுத்தில் எழுதினார்கள்.

கிறிஸ்தவர் பள்ளிக்கு வேணாட்டு ஆட்சியாளர் கொடுத்த கொடைக்கு யூதர் சாட்சி நிற்கிறார். ஏட்டின் எழுத்து வட்டெழுத்து. அதன் மொழியை மலையாளிகள் பழைய மலையாளம் என்பார்கள், நாம் தமிழ் என்போம். இரண்டும் ஒன்றாய் இருந்த காலம் அது. 2017 ஜூலையில் இந்தியப் பிரதமர் இஸ்ரேல் சென்றபோது அந்நாட்டுப் பிரதமருக்குக் கேரளத்திலிருந்து இரு செப்பேடுகளின் நகல்களைப் பரிசாகக் கொடுத்தார். அவற்றில் ஒன்று இந்த வேணாட்டுச் செப்பேடு. மற்றொன்று கி.பி. 1000ஐ ஒட்டிச் சேரமன்னர் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகள் அளித்த ஏடு. பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, பறை, தோரணம் என்று அன்றைக்கு உயர்ந்தோருக்கு மட்டும் வாய்த்த சிறப்புகள் அதில் அடங்கும். அந்நிய நாட்டிலிருந்து வந்தவருக்கு இந்த மண் கொடுத்த மரியாதையை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

இன்னொரு தொடர்பும் உண்டு. பரூர் திருவிதாங்கூருக்கு உட்பட்ட ஊர். திருவிதாங்கூரின் வடகோடியில் பரூர் யூதர், தென்பகுதியில் நாம். ஒரே மன்னரின் குடிகள். பரூரின் யூதப்பள்ளியை, அதாவது யூதர் தொழுகைக் கூடத்தை, 1616இல் கட்டியவர் டேவிட் யாக்கோப் காஸ்டியேல் முதலியார். முதலியார் என்பது யூதத் தலைவருக்குக் கொச்சி மன்னர் அளித்த பட்டம். அப்பெயரைக் கேட்டால் தமிழர் யாரும் தம் உறவினர் என்றே நினைப்பார்கள்.

சிறிய சமூகம் ஒன்று தொலைதூர நாட்டோடு எப்படி உறவைப் பேணியது, அந்த உறவு அது குடியிருந்த மண்ணின்மேல் வைத்த பற்றைக் குறைத்ததா என்பதே என் பேச்சின் பொருள். நான் கண்ட விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பற்று குறையவில்லை. அந்த உறவைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவர்கள் வீட்டுப் பெண்கள். அதற்கு வந்த மிகக் கடுமையான சோதனை வெளியிலிருந்து வரவில்லை, தொழுகைக் கூடத்துக்குள்ளேயே இருந்தது.

கேரளத்து யூதப்பள்ளி ஒன்றுக்குள் நுழைந்தால் தோராச் சுருள்களை வைக்கும் பேழை மேற்குச் சுவரில் இருப்பதைக் காணலாம். அதை அவர்கள் ஹேக்கால் என்பார்கள். எருசலேம் இங்கிருந்து மேற்கே இருப்பதால் மேற்கு நோக்கித் தொழுதார்கள். ஆண்டுக்கு ஒருமுறை பஸ்கா இரவில், வரும் ஆண்டு எருசலேமில் கூடுவோம் என்ற வேண்டுதலோடு சடங்கை முடித்தார்கள். அந்தப் பண்டிகைக்காகப் பல வாரம் முன்பே பெண்கள் அரிசியைப் பொறுக்கிப் புடைத்துத் தனியே வைப்பார்கள். பாத்திரங்களையும் வேறாக எடுத்து வைப்பார்கள். ஐரோப்பிய யூதர்கள் பலர் பஸ்காவில் அரிசி தொடமாட்டார்கள். கேரளத்து யூதருக்குச் சோறில்லாமல் பண்டிகை இல்லை. எருசலேமை நினைத்துக் கேரளத்து அரிசியைப் பொறுக்கிய அந்தக் கைகளில் இரண்டு நாடுகளும் ஒன்றாக இருந்தன.

நாடு கடந்த தொடர்புக்கு வேறு வழிகளும் இருந்தன. எருசலேம், சஃபேத் முதலிய புனித நகர்களிலிருந்து ரப்பிமார் காணிக்கை திரட்டக் கப்பலேறி வருவார்கள். 1860ஐ ஒட்டி எருசலேமின் ஜேக்கப் சஃபீர் கொச்சிக்கு வந்தார். தாம் கண்டதைப் பயண நூலாகவும் எழுதினார். அதற்கும் முன் 1686இல் ஆம்ஸ்டர்டாம் யூதர்கள் மோசே பெரேரா தெ பாய்வாவின் தலைமையில் ஒரு குழுவை அனுப்பிக் கொச்சிச் சமூகத்தைக் கண்டுவரச் செய்தார்கள். அதன்பின் எபிரேய நூல்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தன. இவையெல்லாம் ஆண்களின் உலகம். வரலாற்று நூல்களில் பதிவானதும் இந்த உலகம்தான்.

பதிவாகாமல் கிடந்த மற்றோர் உலகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

கேரள யூதப் பெண்கள் எழுதப்படிக்கத் தெரிந்தவர்கள். மலையாளத்தில் பாட்டுகளைக் கையால் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்தார்கள். தாய் எழுதியதை மகள் பார்த்து எழுதுவாள், மகளிடமிருந்து பேத்தி எழுதுவாள். திருமணத்துக்கு ஒரு பாட்டு, குழந்தை பிறந்தால் ஒரு பாட்டு, ஊருக்கு ஊர் பள்ளியைப் புகழ்ந்து ஒரு பாட்டு, விவிலியக் கதைகளைச் சொல்லும் பாட்டுகள், சீயோனுக்குத் திரும்பும் நாளை எதிர்நோக்கும் பாட்டுகள் என்று அவை பெருகின. யூத மரபில் பல இடங்களில் ஆண்கள் முன்னிலையில் பெண்கள் பாடத் தடை உண்டு. கேரளத்தில் அந்தத் தடை இல்லை. கல்யாண வீட்டில் பெண்கள் கூடிப் பாட, ஆண்கள் உட்கார்ந்து மரியாதையோடு கேட்டார்கள். அந்தப் பாட்டுகளில் ஆபிரகாமும் மோசேயும் மலையாளம் பேசினார்கள். சாலமோனின் ஆலயம் நம் பக்கத்து வாசனையோடு எழுந்தது. பிள்ளைகள் முதலில் எருசலேமை அறிந்தது எபிரேயச் சுருளிலிருந்து அன்று, பாட்டி பாடிய மலையாளப் பாட்டிலிருந்து.

1950களில் புறப்பட்டபோது பெண்கள் இந்த நோட்டுகளைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனார்கள். நெடுங்காலம் எவரும் அவற்றைக் கேட்கவில்லை. இஸ்ரேலில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு மலையாளம் தெரியாது. பிறகு ஆய்வாளர்கள் தேடி வந்தார்கள். கேரளத்தில் பி. எம். ஜூசே, அமெரிக்காவின் பார்பரா ஜான்சன், ஷெர்லி ஐசன்பெர்க் ஆகியோர் பாட்டுகளைத் திரட்டினார்கள். 2005இல் சங்கனாச்சேரிப் பேராசிரியர் ஸ்கரியா சக்கரியாவும் இஸ்ரேலிய ஆய்வாளர் ஒஃபீரா காம்லியேலும் சேர்ந்து 'கார்குழலி' என்ற பெயரில் மலையாளப் பாட்டுகளை எபிரேய மொழிபெயர்ப்போடு ஒரு தொகுப்பாகக் கொண்டுவந்தார்கள். ஐம்பது ஆண்டு ஓசையில்லாமல் கிடந்த பாட்டுகளை மூதாட்டிகள் மேடையேறிப் பாடினார்கள். இந்தப் பணிக்குப் பல்கலைக்கழகத்தின் பெருநிதி முதலில் வரவில்லை. ஒரு சிலர் வீடு வீடாய்ச் சென்று நோட்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். தொடக்கம் அவ்வளவே.

இனி, தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட அந்தச் சோதனையைப் பற்றி.

மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசிப் பள்ளியைப் பார்க்காத சுற்றுலாப் பயணி இல்லை. சீனத்துக் கேன்டனிலிருந்து வந்த நீலத் தரை ஓடுகளையும் எசக்கியேல் ராகபி 1760இல் எழுப்பிய மணிக்கூண்டையும் வியந்து படமெடுக்கிறோம். அந்த ஓடுகளின் மேல் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்று இருந்த விதியைப் படத்தில் காண முடியாது. ஸ்பெயினிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் பின்னர் வந்து தம்மை வெள்ளை யூதர் என்று சொல்லிக்கொண்டவர்கள், பல நூற்றாண்டு முன்பே இங்கிருந்த மலபார் யூதர்களைத் தாழ்வாக எண்ணினார்கள். தங்கள் பள்ளிக்குள்ளேயே, அடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்களை வாசல் பக்கத்தில் தரையில் உட்காரவைத்தார்கள். தோரா வாசிக்க அழைக்கவில்லை. கேரளத்துச் சாதி அவர்களுக்குள்ளும் புகுந்துவிட்டது. எல்லாரும் ஒரே திசையில், ஒரே எருசலேமை நோக்கித் தொழுதார்கள். ஒரே வரிசையில் நின்று தொழ மட்டும் இடமில்லை.

இதை எதிர்த்தவர் ஏ. பி. சேலம். 1882இல் பிறந்தவர். அந்த விடுவிக்கப்பட்டோர் குடும்பத்தவர், வழக்கறிஞர், கொச்சி சட்டசபை உறுப்பினர். தேசிய இயக்கத்தில் நின்று 1929இல் லாகூர் காங்கிரசுக்குச் சென்று வந்தவர். காந்தியிடம் கற்ற சத்தியாகிரகத்தைத் தம் தொழுகைக் கூடத்துக்குள் கொண்டுவந்தார். விதிகளை மீறி உள்ளே வந்து அமர்ந்தார். ஆண்டுக்கணக்கில் அமைதியாய் எதிர்த்து நின்றார். மெல்ல மெல்ல ஒவ்வொரு தடையும் உடைந்தது. கொச்சியில் அவரை யூத காந்தி என்றார்கள். இதே மனிதர்தான் பாலஸ்தீனம் போய் வந்தபின் சீயோனிய ஆர்வலரானார். தம் மகன்களில் ஒருவருக்குப் பால்ஃபர் என்று பெயரிட்டார். யூதருக்குத் தாயகம் அமைய ஆதரவு தருவதாக 1917இல் அறிவித்த பிரிட்டிஷ் அமைச்சரின் பெயர் அது. அந்தப் பால்ஃபர் பின்னாளில் வெள்ளை யூதக் குடும்பம் ஒன்றின் பெண்ணை மணந்தார். அந்தத் திருமணத்தை மட்டாஞ்சேரிப் பள்ளியில் நடத்த முடியாமல் பம்பாயில் நடத்தினார்கள்.

சேலத்தின் வாழ்க்கையை எண்ணிப் பார்க்கிறேன். பகலில் இந்திய விடுதலைக்கும் கொச்சித் தொழிலாளர் உரிமைக்கும் பேசினார். சனிக்கிழமை பள்ளிக்குள் சமத்துவத்துக்காக உட்கார்ந்தார். யூத நாட்டுக்காகவும் கனவு கண்டார். இவை ஒன்றோடொன்று முரண்படுவதாக அவர் ஒருபோதும் கருதவில்லை. 1953இல் இஸ்ரேல் சென்று தம் மக்களின் குடியேற்றத்துக்காக அதிகாரிகளோடு பேசினார். ஆனால் தாம் கொச்சியை விட்டுப் போகவில்லை. 1967இல் கொச்சியிலேயே மறைந்தார்.

அந்தக் குடியேற்றத்துக்கு ஒரு தடையும் இருந்தது. 1950களின் தொடக்கத்தில் கேரள யூதர் ஏறத்தாழ 2400 பேர். பெரும்பாலோர் மலபார் யூதர், எளிய வணிகரும் கைத்தொழிலாளரும். இந்தியா 1950 செப்டம்பரில் இஸ்ரேலை அங்கீகரித்திருந்தது. போக விரும்பியவரைத் தடுக்கவில்லை. தடை எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. கொச்சிப் பகுதியில் பரவியிருந்த யானைக்கால் நோயைக் காரணம் காட்டி இஸ்ரேலிய சுகாதாரத் துறை அனுமதியைத் தள்ளிப்போட்டது. சொத்தை விற்றுப் பயணத்துக்குத் தயாராய்க் காத்திருந்த குடும்பங்களுக்கு இது பெரும் வேதனையாயிற்று. இரண்டாயிரம் ஆண்டு பாட்டில் அழைத்த நாடு இரத்தப் பரிசோதனைக் காகிதத்தை நீட்டியது. சோதனைகளும் பேச்சுகளும் முடிந்து 1953க்கும் 1955க்கும் இடையில் பெரும்பாலோர் பம்பாய் வழியே புறப்பட்டார்கள்.

அங்கே அவர்களுக்குக் கிடைத்தது மோஷாவ் எனப்படும் கூட்டுறவு விவசாய ஊர்கள். நெகேவ் பாலைவனத்தில் பீர்ஷேபா அருகே நெவாட்டிம், எருசலேம் மலையடிவாரத்தில் மெசிலத் சீயோன், லெபனான் எல்லையில் கஃபர் யூவால் என்று நாடெங்கும் சிதறினார்கள். காயலும் தென்னையும் கண்டு வளர்ந்தவர்களுக்குப் பாலை மண். சேந்தமங்கலத்திலிருந்து 1955இல் போன எலியாகு பெசலேல் முதலில் ஆடு மேய்த்தார். பிறகு பசுமைக்குடிலில் பூ வளர்க்கக் கற்று ஐரோப்பாவுக்கு ரோஜா ஏற்றுமதி செய்தார். 1964இல் சிறந்த ஏற்றுமதியாளர் விருதைப் பிரதமர் லெவி எஷ்கோலிடம் பெற்றார். பிற்காலத்தில் பிரவாசி பாரதீய சம்மான் பெற்ற முதல் இஸ்ரேலியரும் அவரே. மட்டாஞ்சேரியின் ரூபி டேனியல் போர்க்காலத்தில் இந்தியக் கடற்படையின் பெண்கள் பிரிவில் பணிபுரிந்தவர். 1951இல் போய் வடக்கே கிபுட்ஸ் எனப்படும் கூட்டுப்பண்ணை ஒன்றில் வாழ்ந்தார். தம் சமூகத்தின் பாட்டுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். பார்பரா ஜான்சனோடு சேர்ந்து 1995இல் தன்வரலாறும் வெளியிட்டார். அதில் விடுவிக்கப்பட்டோர் வழிவந்த தம் வகுப்பாரைப் பள்ளிக்குள் நடத்திய விதத்தை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அந்த நேர்மைக்காகவே அந்நூலை நம் மாணவர்கள் படிக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் என் மனசாட்சி ஒப்பாது. அந்த நிலம் ஆளில்லாத நிலமாக இருக்கவில்லை. மெசிலத் சீயோன் 1950இல் எழுந்தது, 1948 போரில் மக்கள் வெளியேற நேர்ந்த பெய்த் மகசீர் என்ற பாலஸ்தீனக் கிராமத்தின் நிலத்தில். கேரளத்திலிருந்து போன எளிய குடும்பங்கள் இதைத் தீர்மானிக்கவில்லை, அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடத்துக்குப் போனார்கள். ஆனாலும் ஒரு மக்கள் வீடு திரும்பிய மண்ணிலிருந்தே மற்றொரு மக்கள் வீடிழந்தார்கள். அந்தத் துயரம் காசாவில் இன்றும் தீரவில்லை. கேரளம் யூதருக்கு இடம் கொடுத்தது என்று பெருமைப்படும் நாம், வீடிழந்த எவருடைய வலியையும் உணர வேண்டியவர்கள். நம் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றின் வாசலில் சீயோன் என்றும் பெத்தேல் என்றும் பெயர் எழுதியிருக்கிறோம். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இரு மக்களின் கண்ணீர் உண்டு.

போனவர்கள் கேரளத்தை விட்டுவிட்டார்களா? 1992இல் இரு நாடுகளுக்கும் முழுத் தூதரக உறவு ஏற்பட்டபின் பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சேந்தமங்கலத்துக்கும் மாளாவுக்கும் வரத் தொடங்கினார்கள். நெவாட்டிமில் கேரள யூதருக்கு அருங்காட்சியகம் அமைத்தார்கள். மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் பள்ளி 1544இல் கட்டப்பட்டது. அதன் மரவேலைப்பாடுகள் எருசலேம் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் மீண்டும் பொருத்தப்பட்டன. அதற்குள் நிற்கும் பேழை பரூரிலிருந்து போனது. கேரளத்துத் தச்சனின் உளி பட்ட மரம் எருசலேமில் நிற்கிறது. மட்டாஞ்சேரியில் எஞ்சிய வெறுஞ்சுவரோ 2019 மழையில் சரிந்தது.

இங்கே பொறுப்பேற்றவர்களின் கணக்கு கலவையானது. சேந்தமங்கலம், பரூர் பள்ளிகளை முசிறிப் பாரம்பரியத் திட்டத்தில் அரசு புதுப்பித்து அருங்காட்சியகமாக்கியது. சேந்தமங்கலத்தில் 1269ஆம் ஆண்டின் எபிரேயக் கல்லறைக் கல் இன்றும் இருக்கிறது. 'இஸ்ரேல் மகள் சாராள்' என்ற ஒரு பெண்ணின் கல் அது. மாளாவில் நிலைமை வேறு. 1955இல் புறப்படும்போது யூதர்கள் பள்ளியையும் கல்லறைத் தோட்டத்தையும் காத்துத் தரும்படி உள்ளூர்ப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்தார்கள். கல்லறை நிலத்தின் ஒரு பகுதி பின்னாளில் விளையாட்டுத் திடலாயிற்று. அதை எதிர்த்து எழுதி, வழக்காடி நின்றவர்கள் மாளாவின் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும்தான். அந்த மக்களை நான் வணங்குகிறேன்.

இனி நம் பக்கம் வருகிறேன். 1954 ஆகஸ்ட் 11இல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும், தமிழ்நாட்டோடு இணையப் போராடியவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்ததை இங்குள்ள மூத்தவர்கள் கேட்டு வளர்ந்திருப்பீர்கள். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையின் தென்பகுதியையும் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டது. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடும் கல்குளமும் அங்கே போயின, நாம் இங்கே நின்றோம். அந்த எல்லையால் நமக்கு நேர்ந்தது கேரள யூதர் பட்ட பிரிவோடு ஒப்பிடத்தக்கதன்று. அதை நான் அறிவேன். எல்லைக்கு அப்பால் உள்ள களியக்காவிளைக்கு நடந்தே போகலாம். ஆனால் ஒரு கேள்வி பொது. நாம் வாழும் மாநிலத்தின் பள்ளியில், அலுவலகத்தில், செய்தித்தாளில் அதிகம் இடம்பெறாத மொழியை வீட்டில் எப்படிக் காப்பது? பாலராமபுரத்துச் சாலியர்கள் 200 ஆண்டுக்கு முன் தெற்கிலிருந்து இங்கு தறியோடு வந்தவர்கள். திருவிதாங்கூரில் உடுத்தப்பட்ட கசவு முண்டை நெய்தவர்கள். இந்த மண்ணுக்கு உரியவர்களாகவும் தெற்கத்திய மரபின் பிள்ளைகளாகவும் ஒரே நேரத்தில் வாழ முடியும் என்பதற்கு அவர்களே சான்று. நம் பிள்ளைகள் தமிழ் படிப்பதால் கேரளத்துக்கு விசுவாசம் குறைந்துவிடும் என்று யாராவது சொன்னால், சேலத்தைப் பற்றி அவர்களுக்குச் சொல்லுங்கள். ஆனால் அவரைப் பற்றிப் பேசும் உரிமை நமக்கு வேண்டுமென்றால், நம் சமூகச் சங்கங்களிலும் ஆலயங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் யார் எங்கே உட்காருகிறார்கள், யார் எங்கே அடக்கமாகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

அறக்கட்டளையாரிடம் ஒரு வேண்டுகோளை எழுத்தாகவும் கொடுத்திருக்கிறேன். வரும் ஆண்டு இந்தச் சொற்பொழிவுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பாதியை, பாறசாலை முதல் பொழியூர் வரை உள்ள வீடுகளில் பெண்கள் பாடும் தாலாட்டையும் ஒப்பாரியையும் கும்மியையும் ஒலிப்பதிவு செய்யச் செலவிடுங்கள். பழைய நோட்டுகள் இருந்தால் படமெடுத்து வையுங்கள். தமிழும் மலையாளமும் கலந்த அந்தப் பாட்டுகளைத் திருத்தாமல், பாடியவர் சொன்னபடியே எழுத வேண்டும். எழுதியவரின் பெயரோடு பாடியவரின் பெயரும் அச்சாக வேண்டும். மாணவர் இருவர் முன்வந்தால் போதும். அமரவிளையில் என் அத்தை இருக்கிறார், எண்பது கடந்தவர், நினைவு தெளிவாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவரிடம் போகலாம். போக விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயரைக் கொடுங்கள்.